அமெரிக்க வரிப் பிரச்சினை: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் கடையிலும் எல்லையிலும் வேலையிலும் கவனிக்க வேண்டியவை

கேள்வி (ஸ்காபரோ, வந்து நாலு மாதம்)

வணக்கம். வேலையிடத்தில் பலர் அமெரிக்கச் சாமான் வாங்குவதில்லை என்கிறார்கள். இவ்வளவு கோபம் ஏன்? தமிழ்க்கடைச் சாமான் விலையும் இந்த வரியால்தான் ஏறுகிறதா? அரிசி, பருப்பு, தூள் எல்லாம் மூட்டையாக வாங்கி வைக்கவா? எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலுள்ள பஃபலோ போய் வாங்கினால் மலிவு என்றும் ஒருவர் சொன்னார்.

மறுமொழி (மிசிசாகா, சுங்க முகவர் வேலை)

தம்பி, முதலில் கோபத்தின் காரணம். 2024 நவம்பரில் டிரம்ப் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 25% வரி போடுவேன் என்று மிரட்டினார். கனடாவை 51ஆவது மாநிலம் என்றும், அப்போது பிரதமராக இருந்த ட்ரூடோவை ஆளுநர் என்றும் பேசினார். வரியைவிட அந்தப் பேச்சுத்தான் இந்தச் சனத்தைச் சுட்டது. 2025 பெப்ரவரி 1 அன்று உத்தரவு கையெழுத்தானது. அன்றிரவே ஒட்டாவா ஹொக்கி அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் போட்டார்கள், மறுநாள் ரொறன்ரோ ராப்டர்ஸ் ஆட்டத்திலும் அதுதான் நடந்தது. முப்பது நாள் தள்ளிப்போட்டு, மார்ச் 4 அன்று வரி நடைமுறைக்கு வந்ததும் ஒன்ராறியோ அரசின் மது விற்பனை நிறுவனமான எல்சிபிஓ அமெரிக்க மதுவகை முழுவதையும் தட்டுகளிலிருந்து இறக்கியது. ஒன்ராறியோவில் மதுவின் மொத்த விநியோகம் அதன் கையில் இருப்பதால் உணவகங்களுக்கும் அது கிடைக்காமல் போனது. ‘எல்போஸ் அப்’ (முழங்கையை உயர்த்து, விட்டுக்கொடுக்காதே என்னும் ஹொக்கிப் பேச்சு) என்று சட்டையிலும் பதாகையிலும் காண்பது இந்த உணர்வைத்தான். உங்களுடன் வேலை செய்பவர்கள் மனதார வருந்துகிறார்கள், அவர்கள் முன்னால் இதை விளையாட்டாகப் பேசாதீர்கள்.

இனி வரி எப்படி வேலை செய்கிறது என்பது. அமெரிக்கா போடும் வரியை அமெரிக்க இறக்குமதியாளர் அமெரிக்க அரசுக்குக் கட்டுகிறார். அது இங்கே கடை விலையை நேரே ஏற்றாது. இங்கே விலையைத் தொட்டது கனடா திருப்பிப் போட்ட எதிர்வரி. மார்ச் 4 அன்று 30 பில்லியன் டொலர் பெறுமதியான அமெரிக்கப் பொருட்களுக்கு 25% போட்டார்கள். தோடம்பழச் சாறு, நிலக்கடலை வெண்ணெய், கோப்பி, மது, உடுப்பு, சப்பாத்து, வீட்டுச் சாதனங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நோ ஃபிரில்ஸ், சூப்பர்ஸ்டோர் போன்ற லொப்லோ குழுமக் கடைகள் அப்போது வரிபட்ட பொருட்களின் விலைச்சீட்டில் கறுப்பு முக்கோணத்துக்குள் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டன. 2025 செப்டம்பர் 1 முதல் கஸ்மா எனும் கனடா-அமெரிக்கா-மெக்சிகோ வர்த்தக உடன்படிக்கைக்குள் அடங்கும் அமெரிக்கப் பொருட்களுக்கு எதிர்வரியை எடுத்துவிட்டார்கள். உருக்கு, அலுமினியம், வாகனம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் திகதிக்குப் பிறகு வந்த சாற்றுப் போத்தலுக்கு ‘வரி’ என்று காரணம் சொல்லி விலை கூட்டினால் கேள்வி கேளுங்கள்.

எதிர்வரி கடை விலையில் விழுவதில்லை, இறக்குமதிப் பெறுமதியில்தான் விழும். இறக்குமதியாளருக்கு 4 டொலருக்கு வந்து கடையில் 7 டொலருக்கு விற்கும் பொருளுக்கு 25% என்றால் 1 டொலர். விலை 8 ஆனால் விளங்கிக்கொள்ளலாம், 8.75 ஆனால் அது வரி மட்டும் அல்ல.

தமிழ்க்கடைக்கு வருவோம். எதிர்வரி அமெரிக்காவில் உற்பத்தியான பொருளுக்குத்தான். இலங்கைச் சிவப்பரிசி, இந்திய மிளகாய்த்தூள், தாய்லாந்துத் தேங்காய்ப்பால் நியூயோர்க் களஞ்சியம் வழியாக வந்தாலும் மூலநாடு மாறாது. அவற்றின் விலை ஏறினால் கப்பற்கூலி, நாணய மாற்று, விளைச்சல் என்று வேறு காரணம் இருக்கும். மூட்டை கட்டி வைக்கவே வேண்டாம். அடித்தளத்து ஈரத்தில் அரிசியும் மாவும் வண்டு பிடித்துப் போவதுதான் மிச்சம்.

மறுமொழி (மார்க்கம், உணவுப் பொதி லேபல் வேலை)

அண்ணை சொன்னதோடு லேபல் பற்றிக் கொஞ்சம். கனடாப் பொருள்தான் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் மேப்பிள் இலை இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள்.

‘புரொடக்ட் ஒஃப் கனடா’ என்றிருந்தால் உணவில் முக்கியச் சேர்மானம், பதப்படுத்தல், உழைப்பு எல்லாமே ஏறக்குறைய முழுக்கக் கனடாவினது. வெளிநாட்டு வாசனைத்தூள், கரும்புச் சீனி போன்றவை பொதுவாக 2 வீதத்துக்குள் இருக்கலாம். ‘மேட் இன் கனடா’ என்றால் பொருளை அடியோடு மாற்றும் கடைசி வேலை இங்கே நடந்தது என்று மட்டும் அர்த்தம். அதன் கூடவே ‘இறக்குமதிச் சேர்மானங்களிலிருந்து’ என்ற குறிப்பு இருக்கும், அந்தச் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். உணவல்லாத பொருட்களுக்குக் கணக்கு வேறு: முதலாவதுக்கு நேரடிச் செலவில் 98%, இரண்டாவதுக்கு 51% கனடாவில் ஆகியிருக்க வேண்டும்.

‘பக்ட் இன் கனடா’ என்பது பொதி கட்டியது மட்டும். ‘இம்போர்ட்டட் பை’ என்று ஸ்காபரோ முகவரி இருந்தால் அது இறக்கியவரின் முகவரி. பார்கோட்டின் முன்னிலக்கத்தை வைத்து நாடு கண்டுபிடிக்கலாம் என்று வட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். அது நிறுவனம் எங்கே பதிந்தது என்பதைத்தான் காட்டும், பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அல்ல. பழத்தில் ஒட்டும் நாலு இலக்கமும் அப்படித்தான். 4011 என்றால் வாழைப்பழம், எந்த நாட்டினதென்றாலும். பால்பொருட்களில் மட்டும் நீல மாட்டுச் சின்னத்தை நம்பலாம், அது முழுக்கக் கனடாப் பால்.

நம் சமையலுக்கு நல்ல செய்தியும் உண்டு. மைசூர்ப் பருப்பு, கடலை, பட்டாணி, கடுகு எல்லாம் சஸ்காச்சுவானில் பெருவாரியாக விளைகின்றன. இலங்கையில் நாங்கள் சமைத்த மைசூர்ப் பருப்பில் கணிசமானது இங்கிருந்து போனதுதான். ஆனாலும் பையைத் திருப்பிப் பாருங்கள். தோல் நீக்கி உடைக்கும் வேலை வேறு நாட்டில் நடந்த பருப்பும் கடையில் உண்டு.

கேள்வி (அதே தம்பி)

நன்றி அண்ணை, நன்றி அக்கா. பஃபலோ விசயம்? பொஸ்டனில் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள் சேலையும் அனுப்ப வேண்டும்.

மறுமொழி (மிசிசாகா)

முதலில் கடவுச்சீட்டு. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும்.

காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் வாங்கிவரும் சாமானுக்கு எந்த வரி விலக்கும் இல்லை. 24 மணி நேரம் நின்றால் 200 கனடிய டொலர் வரை, 48 மணி நேரம் நின்றால் 800 வரை. வேலை அனுமதி, படிப்பு அனுமதியில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: 24 மணி விலக்கில் 200 ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத்தொகைக்கும் கட்ட வேண்டும். 48 மணி விலக்கில் மிஞ்சியதற்கு மட்டும். கணவன் மனைவி தங்கள் விலக்குகளைக் கூட்டி ஒரு பெரிய பொருளுக்குப் பாவிக்க முடியாது. பால், சீஸ், வெண்ணெய் ஒருவருக்கு 20 டொலர் பெறுமதிக்குள், முட்டை இரண்டு டசினுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தாண்டினால் வெண்ணெய்க்கு 300 வீதத்தைத் தொடும் வரி விழலாம். பற்றுச்சீட்டுகளைக் கையில் வைத்து, கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டால் தண்டம், பொருளும் போகலாம். பெற்றோலும் நேரமும் சேர்த்துப் பார்த்தால் ஒருநாள் பயணத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

சேலை. 2025 ஓகஸ்ட் 29 முதல் அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த விலக்கை நிறுத்திவிட்டது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் உண்மையான அன்பளிப்புக்கு 100 அமெரிக்க டொலர் வரை இன்னும் விலக்கு உண்டு. கடையிலிருந்து நேரே அனுப்புவித்தால் அது அன்பளிப்பாகாது. 100 ஐத் தாண்டினால் மூலநாட்டைப் பார்ப்பார்கள். காஞ்சிபுரத்தில் நெய்த பட்டு ரொறன்ரோ ஜெரார்ட் வீதியில் வாங்கியதென்றாலும் இந்தியப் பொருள், இந்திய வீதமே விழும். படிவத்தில் ‘ஆடை’ என்று மொட்டையாக எழுதாமல் ‘பெண்களுக்கான பட்டுச் சேலை, 1, பெறுமதி, மூலநாடு’ என்று எழுதுங்கள். அப்படி எழுதாத பொதிகள்தான் கிடந்து தாமதமாகும்.

மறுமொழி (பிரம்டன், தொழிற்சங்கப் பிரதிநிதி)

கடை விலையைவிடப் புதிதாக வந்தவர்களை இது அடிப்பது வேலையில். கார்ப் பாகத் தொழிற்சாலை, ஹமில்டன் உருக்காலை, அவற்றுக்குச் சாமான் ஏற்றும் களஞ்சியங்கள். அமெரிக்கா உருக்குக்கும் அலுமினியத்துக்கும் 2025 மார்ச்சில் 25% போட்டு, ஜூனில் 50% ஆக்கியது. 2025 ஒக்டோபரில் ஸ்டெலாண்டிஸ் ஜீப் கொம்பஸ் தயாரிப்பைப் பிரம்டனுக்குப் பதிலாக அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்கு என்று அறிவித்தது. இந்தத் துறைகளில் நிற்பவர்கள் இப்போதே சம்பளச்சீட்டுகளைச் சேர்த்து வைத்து, வேலைசெய்த மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள். இஐ எனும் வேலைக் காப்புறுதிக்குப் பிரதேசத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வேண்டும். கிடைப்பது சராசரி வருமானத்தில் 55%, உச்சவரம்பு உண்டு.

நிறுத்தினால் முதலாளி தரும் ஆர்ஓஈ எனும் வேலைப் பதிவுப் பத்திரம் வரும்வரை காத்திருக்காமல் உடனே விண்ணப்பியுங்கள். கடைசி வேலைநாளிலிருந்து நாலு வாரம் தாண்டினால் பணம் இழக்கலாம். ‘தற்காலிக நிறுத்தம்’ என்று சொன்னாலும் விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோவில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக நீக்குவதென்றால் குறைந்தது ஒரு வார முன்னறிவித்தலோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் இரண்டு வாரம். ஏஜென்சி மூலம் போனவர்களும் இதைக் கேட்கலாம்.

ஆட்களைக் குறைக்காமல் எல்லோருடைய நேரத்தையும் 10 முதல் 60 வீதம் வரை குறைத்து, இழந்த பகுதிக்கு இஐ கொடுக்கும் வேலைப் பகிர்வுத் திட்டம் ஒன்றும் உண்டு. முதலாளியும் தொழிலாளர்களும் சேர்ந்து மத்திய அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் இடத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டால், முதலாளி இதைக் கேள்விப்பட்டாரா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். சின்ன நிறுவனங்கள் பல இதை அறியாமலே ஆட்களை வீட்டுக்கு அனுப்புகின்றன.