வி.பி.எஸ். பிள்ளைகள் தலையில் பேன்: யார் மனமும் நோகாமல் என்ன செய்யலாம்?

சந்தூர் டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். இப்போது விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.), பத்து நாள், 43 பிள்ளைகள். நேற்று புதன்கிழமை, மூன்றாம் நாள். பாடம், எகிப்தின் பத்து வாதைகள், அதாவது தேவன் எகிப்தின் மேல் அனுப்பிய தண்டனைகள். மூன்றாவது வாதை பேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து, "டீச்சர், இவ தலையிலயும் எகிப்து இருக்கு" என்றான். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பு. ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டு பாயையே பார்த்தபடி இருந்தாள்.

பிறகு தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில் மெதுவாகத் தலையைப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஈர். பக்கத்தில் உட்காரும் இரண்டு பேருக்கும் அதே கதை.

போன வருஷமும் இப்படி ஒரு பிள்ளைக்கு வந்தது. உதவிக்கு வந்த ஒருவர் அவளைத் தனிப் பாயில் உட்கார வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, அவள் அம்மாவும் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

மாங்காய் அறுப்பு நடக்கிறது, அம்மாக்கள் காலை ஆறு மணிக்கே தோப்புக்குப் போய்விடுகிறார்கள். கடைசி நாள் நிகழ்ச்சிக்குத் தேவதை கிரீடம் ஆறுதான், பன்னிரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பேன் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார் ஒருவர், மண்ணெண்ணெய் தடவு என்கிறார் இன்னொருவர். என்ன செய்ய?

அரூர் நர்ஸம்மா:
டீச்சர், முதலில் அந்த மண்ணெண்ணெயைத் தூக்கித் தூரப் போடுங்கள். தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும்.

யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நம் கண்ணில் படும்போது அந்தப் பேன் தலையில் குடியேறிப் பல நாள் ஆகியிருக்கும். இன்று அனுப்பி என்ன லாபம்? பேனுக்குச் சிறகும் இல்லை, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் நடந்து ஏறும். தலைப்பேனால் நோயும் பரவாது, அரிப்புதான். தலையை விட்டு விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கிரீடத்தால் பரவுவது குறைவு, ஆனாலும் ஆளுக்கொன்று அட்டையில் வெட்டிக் கொடுங்கள், செலவு என்ன பெரிய செலவு.

வைத்தியம் சொல்கிறேன். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் மருந்துக்கடையில் கேளுங்கள். ஷாம்பு போட்டு அலசி, துவட்டின ஈரத் தலையில் தடவி, 10 நிமிஷம் கழித்துக் கழுவ வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், மருந்து எல்லா ஈரையும் கொல்லாது. அதனால் ஒன்பதாம் நாள் இரண்டாம் தடவை கட்டாயம். நம் ஜனங்கள் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் பேன் உள்ள எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

முடியடியிலிருந்து அரை விரற்கடைக்கு மேலே வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடு. அதைப் பார்த்து மறுபடி மறுபடி மருந்தை ஊற்றாதீர்கள்.

பாலக்கோடு குமார்:
எங்கள் பாட்டி சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுவார். ஒரே நாளில் சுத்தம். காசும் இல்லை.

அரூர் நர்ஸம்மா:
குமார் தம்பி, பேன் சாகும், உண்மைதான். அந்தச் சாறு கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். 43 பிள்ளைகள் கண்ணைக் கசக்கும் இடத்தில் அது வேண்டாம்.

ஓசூர் அம்மா:
என் மகள் படித்த இடத்தில் அவளுக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தாள். சீட்டு எழுதினால் 43 பேருக்கும் ஒரே சீட்டாக எழுதுங்கள் சிஸ்டர். சாயங்காலம் அம்மாக்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் கொடுங்கள்.

சந்தூர் டீச்சர்:
நர்ஸம்மா, ஓசூர் அக்கா, நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த அம்மாக்களைச் சபைக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னோம். பாஸ்டரம்மா முதலில் தன் மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தார். ஈரத் தலை, தேங்காய் எண்ணெய், பேன் சீப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்தார். மூன்றாவது இழுப்பில் துணியில் எள்ளு மாதிரி ஒன்று ஊர்ந்தது. "ஐயோ, எங்க வீட்லயும்!" என்று அவரே சிரித்த பிறகு மற்ற அம்மாக்களின் கை தானாக நீண்டது. தெலுங்குக்கார அம்மா பேனு என்றார், கன்னடக்கார அம்மா ஹேனு என்றார், எல்லாம் ஒரே பூச்சி.

எண்ணிப் பார்த்தால் 14 பிள்ளைகளுக்கு இருந்தது. 15-ஆவது நான். என் தலையைப் பார்த்தது அந்த ரிப்பன் பிள்ளைதான். மூன்று பேனைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை சொன்னாள்.

லோஷன் அன்றைக்கே போட்டாயிற்று. போட்ட நாளை விட்டு எண்ணினால் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ஆராதனை முடிந்ததும் இரண்டாம் தடவை. காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

எகிப்து சொன்ன பையன் திங்கட்கிழமை மொட்டையோடு வந்தான். காரணத்தை யாரும் கேட்கவில்லை.