தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளை பிடிக்கும் வதந்தி: அட்மின் என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். எங்கள் நகர் நலச்சங்க குரூப்பில் 380 பேர். தண்ணீர் விடும் நேரம், கரண்ட் கட், ரத்தம் தேவை, வாடகைக்கு வீடு எல்லாமே அதில்தான் ஓடுகிறது. பாதிப் பேர் உள்ளூர், மீதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்கள். 'வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு' என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வீடியோவும் நேற்றிலிருந்து சுற்றுகின்றன. குரூப்பை 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று பூட்டிவிடலாமா? அட்மின் மேல் வழக்கு வருமா?

மின்கம்பம்:
பூட்டுவது முதல் வேலை இல்லைங்க. முதலில் அந்த மெசேஜை அனுப்பியவர் நம்பர், நேரம், ஃபார்வேர்டு அம்பு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வாய்ஸை தனியாக சேவ் பண்ணுங்க. அப்புறம்தான் அழுத்திப் பிடித்து, 'அனைவருக்கும் நீக்கு' கொடுக்கணும். நீக்கினது அட்மின்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதே நிமிஷத்தில் காரணத்தையும் போடணும். போடாவிட்டால் 'எதையோ மறைக்கிறாங்க' என்று இன்னும் வேகமாகப் பரவும்.

பூட்டு என்றால் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை போதும். நிரந்தரமாகப் பூட்டினால் ஆட்கள் வேறு குரூப் ஆரம்பித்துவிடுவாங்க. அங்கே தட்டிக்கேட்க யாரும் இருக்க மாட்டாங்க.

அடுத்த வாரம் நிதானமாக இதை ஒரு கம்யூனிட்டியாக (பல குரூப்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் வசதி) மாற்றுங்க. அறிவிப்புக்கு ஒன்று (அதில் அட்மின் மட்டும்), தண்ணீர்-கரண்டுக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று. அறிவிப்புப் பகுதியில் ஒருத்தர் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. பழைய இன்வைட் லிங்கை ரீசெட் பண்ணிட்டு, புது ஆட்களை அட்மின் ஒப்புதலோடு சேர்க்கும் வசதியை ஆன் பண்ணுங்க. அட்மின் மூணு பேராவது வேணும். உங்க ஊருக்கு அதில் ஒருவர் இந்தி நன்றாகத் தெரிந்தவராக இருந்தே ஆகணும்.

ஒற்றைப்பனை:
இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஊரே திரண்டது. ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அப்படியே செத்தார்கள். அப்போது நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ, கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போனவர்கள், கடைசியில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

உங்களிடம் வந்த வீடியோவை முதலில் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். பேச்சு மேலே ஒட்டியதாக இருக்கலாம், படம் வேறு ஊராக இருக்கலாம். கடைப் பலகை, வண்டி நம்பர், போலீஸ் உடை தெரியும் நாலைந்து இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இரட்டை அம்பு இருந்தால் ஐந்து கை தாண்டி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் யாராவது டவுன்லோடு செய்து புதிதாக ஏற்றினால் அம்பு போய்விடும். ஆகவே அம்பு இல்லை என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பரவியதும் இதே வகை. ஒரு வீடியோ திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. காவல்துறை மறுத்துச் சொல்வதற்குள் எத்தனையோ பேர் பயந்துபோயிருந்தார்கள். உங்கள் தெருவில் இப்போது பயந்திருப்பது இரண்டு தரப்பும்தான். அதனால் மறுப்பைத் தமிழிலும் இந்தியிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

கறுப்புஅங்கி:
வழக்கு பற்றி: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆக மாட்டீர்கள். மும்பை உயர்நீதிமன்ற நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர்நீதிமன்றம் 2022-லும் இப்படித்தான் சொல்லியிருக்கின்றன. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தன் மேல் போட்ட வழக்கை எதிர்த்து வந்த ஒருவர் அட்மினாக மட்டுமே இருந்தார் என்று தெரிந்தால் போலீஸ் தன் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றது.

ஆனால் நீங்களே ஃபார்வேர்டு செய்தால் கதை வேறு. 'வந்ததைத்தான் அனுப்பினேன்' என்ற வாதம் எடுபடாது. எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த பதிவு தொடர்பான வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர்நீதிமன்றமும் மறுத்தது, உச்சநீதிமன்றமும் மறுத்தது. வதந்தி பரப்புவதற்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 353-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. 'உண்மையா தெரியலை, எதுக்கும் உஷாரா இருங்க' என்று சேர்த்து அனுப்பினாலும் அனுப்பியது அனுப்பியதுதான். மறையும் மெசேஜ் வசதி ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். நாளைக்குப் போலீஸ் கேட்டால் கையில் ஆதாரம் வேண்டும்.

நொய்யல்கரை:
நன்றி. வீடியோ பழையது என்று லென்ஸில் தெரிந்துவிட்டது. வாய்ஸுக்கு என்ன செய்வது? வயதானவர்கள் நாங்கள் எழுதிப் போடுவதைப் படிப்பதே இல்லை.

ஒற்றைப்பனை:
வாய்ஸை லென்ஸில் தேட முடியாது. அதில் என்ன இல்லை என்று பாருங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஸ்டேஷன், பேசுபவர் யார்? 'நம்ம ஏரியா', 'நேத்து ராத்திரி' என்று மட்டும் இருந்தால் எந்த ஊரிலும் எந்த நாளிலும் ஓடும். உங்கள் ஸ்டேஷனுக்கு நேரடியாகப் பேசி, பதில் சொன்னவரின் பதவியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுப்பும் வாய்ஸாகவே போகட்டும், 40 வினாடிக்குள். தெருவில் எல்லோருக்கும் பழக்கமான குரல் வேண்டும்: ரேஷன் கடைக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர் மாதிரி. வதந்தியை மக்கள் நம்புவது அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரரை நம்புவதால்தான். முதல் வாக்கியத்திலேயே 'நம்ம ஸ்டேஷனில் இன்று காலை கேட்டோம், அப்படி எந்தப் புகாரும் இல்லை' என்று வந்துவிட வேண்டும். பழைய வாய்ஸைத் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள். பாதியில் நிறுத்துபவர் அதை மட்டும்தான் கேட்டிருப்பார். கடைசியில் 'சந்தேகம் இருந்தால் யாரையும் மடக்க வேண்டாம், 112-க்குக் கூப்பிடுங்கள்' என்று சொல்லுங்கள். குழந்தை தொடர்பானது என்றால் 1098.

மின்கம்பம்:
அந்த வாய்ஸை அனுப்பினவரை உடனே ரிமூவ் பண்ணாதீங்க. தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அவரையே குரூப்பில் 'அது பொய்' என்று ஒரு வரி போடச் சொல்லுங்க. தூக்கிவிட்டால் மற்ற பத்து குரூப்பில் அதே வேலை நடக்கும், உங்களுக்குத் தெரியாமலே.

தேர்தல் நேரத்துக்கும் சேர்த்து இப்பவே விதி எழுதிடுங்க: கட்சி போஸ்டர், வேட்பாளர் வீடியோ எதுவும் கூடாது, எந்தக் கட்சியாக இருந்தாலும். பணம் கொடுப்பது மாதிரி புகார் என்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் போடட்டும். அங்கே ஆப்பைத் திறந்து அந்த இடத்திலேயே எடுத்த படம்தான் ஏறும், ஃபார்வேர்டில் வந்தது ஏறாது.