கண்டங்கள், பண்பாட்டு வட்டாரங்கள்: கோடு சறுக்கும் இடங்கள் (அனுபவப் பகிர்வு)

உருண்டைப்பிரியன்

ஏழு கண்டங்களின் பெயரை ஒப்பிக்க அரை நிமிடம் போதும். உலகப் படத்தின் மேல் பண்பாட்டு வட்டாரங்களை, அதாவது மொழி, சமயம், பிழைப்பு ஒத்துப்போகும் பகுதிகளை, வரையச் சொன்னால் பென்சில் அந்தரத்தில் நிற்கும். கண்டம் என்ற சொல்லுக்கே துண்டு என்றுதான் பொருள். துண்டுக்கு விளிம்பு உண்டு. பண்பாட்டு வட்டாரத்துக்கு நடு உண்டு, விளிம்பு கிடையாது. போகப் போக நீர்த்து இன்னொன்றாகிவிடும். இரண்டையும் ஒரே கோட்டால் வரையப் போய்த்தான் முக்கால்வாசிக் குழப்பம்.

பாடம் எடுப்பவர்கள், படம் வரைபவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். எங்கே சறுக்கும், ஏன், எப்படிச் சரிசெய்வது என்று எழுதுங்கள். பயணக் கதைக்கு வேறு இழை இருக்கிறது.

முதலில் அளவு. எண்ணாக மனப்பாடம் செய்தால் மறுநாளே போய்விடும். கட்டம் போட்ட தாளில் 15-க்கு 10 என்று 150 கட்டம் எடுங்கள். ஒரு கட்டம் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆசியாவுக்கு 44½ கட்டம், ஆப்பிரிக்காவுக்கு 30, வட அமெரிக்காவுக்கு 24½, தென் அமெரிக்காவுக்கு 18, அன்டார்க்டிகாவுக்கு 14, ஐரோப்பாவுக்கு 10, ஆஸ்திரேலியாவுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவு. வண்ணம் தீட்டி முடித்தால் ஒரு கட்டமும் கொஞ்சமும் மிஞ்சும். ஐரோப்பா ஆப்பிரிக்காவில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை அதன்பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரைபடத்தச்சன்

அந்தத் தாளைச் சுவரில் தொங்கும் உலகப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சண்டை வரும். சுவர்ப்படம் பல இடங்களில் இன்னும் மெர்கேட்டர் வகைதான். 1569-இல் கடலோடிகளுக்காகச் செய்தது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துப் போகும் வழி அதில் நேர்கோடாக விழும். கப்பலுக்கு அது வரம். பரப்பளவு பார்ப்பவருக்கு வினை. 60 பாகை அட்சரேகையில் நீளம் 2 மடங்கு, பரப்பு 4 மடங்கு ஊதும். 80 பாகையில் பரப்பு 33 மடங்கு. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

பண்பாட்டு வட்டாரம் வரைய அடிப்படம் சமபரப்பு வகையாக இருக்க வேண்டும். 2018-இல் வந்த ஈக்குவல் எர்த் வகை நல்லது. பரப்பும் சரி, வடிவமும் ரொம்பச் சிதையாது. பீட்டர்ஸ் வகையில் பரப்பு சரியாக இருந்தாலும் ஆப்பிரிக்கா காயப்போட்ட துணி மாதிரி நீளும்.

இன்னொன்று, படத்தை எங்கே வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வழக்கமான படம் 180 பாகைத் தீர்க்கரேகையில் வெட்டப்படுகிறது. அதில் பசிபிக் தீவுகள் இரண்டு ஓரத்திலும் சிதறிக் கிடக்கும், ஒரே வட்டாரம் என்பதே தெரியாது. கிழக்கு 150 பாகையை நடுவாக வைத்த படம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

யூரல்காற்று

ஐரோப்பா–ஆசியா எல்லை. இதைப்போலத் தகராறு பிடித்த கோடு வேறில்லை, ஏனென்றால் அங்கே கடலே கிடையாது. பழைய கிரேக்கர்கள் தனாயிஸ் ஆற்றை எல்லையாக வைத்தார்கள், அதாவது இன்றைய டான். யூரல் மலைக்குக் கோடு நகர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில். ரஷ்யப் புவியியலாளர் தாத்திஷ்சேவ் போன்றோர் முன்வைத்தது.

இன்று வழக்கமாக வரையும் வரிசை: யூரல் மலை, யூரல் ஆறு, காஸ்பியன் கடல், காகசஸ், கருங்கடல், பாஸ்பரஸ், மர்மரா கடல், டார்டனெல்ஸ். இதில் ஆறு பேர் ஆறு விதமாக வரைவது காகசஸ் பகுதியை. மலைமுகட்டின் வழியே போனால் 5,642 மீட்டர் எல்ப்ரூஸ் ஐரோப்பாவின் உயர்ந்த சிகரம். வடக்கே குமா–மானிச் பள்ளத்தின் வழியே போனால் எல்ப்ரூஸ் ஆசியாவுக்குப் போய்விடும். 4,800 மீட்டரைச் சற்றே தாண்டும் மோன் பிளாங்க் முதலிடம் பிடிக்கும். ஐரோப்பாவின் உயர்ந்த சிகரம் எது என்று கேட்டால், எந்தக் கோடு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆப்பிரிக்கா–ஆசியா சுலபம், சூயஸ். சினாய் ஆசியாவில், மிச்ச எகிப்து ஆப்பிரிக்காவில். வட–தென் அமெரிக்காவைப் பிரிப்பது பனாமா கால்வாய் என்று பலர் எழுதுகிறார்கள். வழக்கமான கோடு அதற்குக் கிழக்கே, பனாமா–கொலம்பியா எல்லையில், தரியன் காட்டில் இருக்கிறது. அலாஸ்காவிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையும் அந்தக் காட்டில்தான் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அறுந்து கிடக்கிறது.

பந்துபார்ப்பவன்

எண்ணிக்கையிலும் சறுக்கல் உண்டு. ஏழு என்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் அமெரிக்கா முழுவதும் ஒரே கண்டம். ரஷ்யாவில் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யூரேசியா. ஒலிம்பிக் வளையம் ஐந்து. அமெரிக்கா ஒன்றாக, ஆளில்லாத அன்டார்க்டிகா கழித்து.

விளையாட்டுச் சங்கங்களை வைத்துக் கண்டம் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆஸ்திரேலியா 2006 முதல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஆடுகிறது. கஜகஸ்தான் 2002 முதல் ஐரோப்பாவில். தென் அமெரிக்க மண்ணில் இருக்கும் கயானாவும் சுரிநாமும் வட அமெரிக்க–கரீபியக் கூட்டமைப்பில். பின்னது பண்பாட்டுக் கணக்கில் பொருந்தியும் போகிறது. முன்னிரண்டும் போட்டி பலத்துக்காக நடந்த இடமாற்றங்கள்.

மூன்றுதாள்

வட்டாரம் வரைய நான் பரிந்துரைப்பது மூன்று ட்ரேஸிங் தாள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

அடிப்படத்தில் நாட்டு எல்லை இருக்கக் கூடாது. மலை, ஆறு, பாலைவனம், கடல் மட்டும். நாட்டு எல்லை கண்ணில் பட்டால் கை தானாக அதன்மேல் ஓடிவிடும். ஆப்பிரிக்காவில் அது நேரே தப்பில் கொண்டுபோய் விடும். அங்கே பல எல்லைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அரசுகள் தங்களுக்குள் பேசிப் போட்டவை.

முதல் தாளில் மொழிக் குடும்பம். இரண்டாவதில் சமயமும் எழுத்தும். மூன்றாவதில் பிழைப்பு: நெல்லா, கோதுமையா, மக்காச்சோளமா, மேய்ச்சலா. ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். நடுவில் அழுத்தமான தீட்டல், போகப் போகக் கோட்டு நிழல். மூன்றையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், மூன்றும் அடர்ந்த இடம் வட்டாரத்தின் கரு. இரண்டு மட்டும் ஒத்துப்போகும் இடம் கலப்புப் பட்டை. அதை ஏதாவது ஒரு பக்கம் தள்ளாமல் கலப்பாகவே விடுங்கள்.

தாள்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடமே இருக்கிறது. மால்டாவை வையுங்கள். மொழித்தாளில் அது அரபு மொழிக்கு உறவான செமிட்டிக் மொழி. இரண்டாம் தாளில் லத்தீன் எழுத்து, கத்தோலிக்கம். ருமேனியாவில் மொழி லத்தீன் வழி வந்தது, மேற்கே இழுக்கிறது. திருச்சபை கிழக்கு மரபு, எதிர்ப்பக்கம் இழுக்கிறது. போலந்து அப்படியே தலைகீழ்: ஸ்லாவிய மொழி, கத்தோலிக்கம், லத்தீன் எழுத்து. ஹங்கேரியின் மொழி இரண்டு பக்கமும் சேராது, அது பின்னிஷ் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். கிழக்கு ஐரோப்பா என்று ஒரே வண்ணம் பூசியவர் இவை அத்தனையையும் அழித்துவிட்டார்.

வியட்நாமும் அப்படித்தான். இருப்பது தென்கிழக்காசியாவில். ஆனால் முன்பு புழங்கிய சீன எழுத்து, கன்பூசிய மரபு, 1919 வரை நடந்த அரசுப் பணித் தேர்வு, சாப்பாட்டுக் குச்சி எல்லாம் கிழக்காசியாவைக் காட்டும். பக்கத்துக் கம்போடியாவில் எழுத்தே இந்திய வழி வந்தது.

மூன்றாம் தாளைப் பலரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். சீனாவைப் பாருங்கள்: சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழைக்கோடும் அதுவே. மற்ற இரண்டு தாளில் அது அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு கட்டளை. உலக அளவில் பத்துப் பன்னிரண்டு வட்டாரத்துக்கு மேல் போகாதீர்கள், குறிப்புப்பெட்டி நிரம்பி யாரும் படிக்க மாட்டார்கள். படத்தின் மூலையில் எந்த ஆண்டுக்கான படம் என்று எழுதுங்கள். 1400-க்கும் 1900-க்கும் அமெரிக்காக்களின் மொழித்தாள் முழுக்க வேறு.

சொல்லேருழவி

மூன்றுதாள் அண்ணன் சொன்ன மொழித்தாளோடு ஒன்று சேர்க்கிறேன். வட்டாரப் பெயரின் வேரைப் பார்த்தாலே பாதி எல்லை கிடைக்கும். ஆப்பிரிக்காவில் சகாராவின் தெற்கு ஓரம் முழுக்க ஓடும் பட்டைக்கு சாஹெல் என்று பெயர். கிழக்குக் கடற்கரை மொழிக்கு சுவாஹிலி. இரண்டும் ஒரே அரபுச் சொல்லில் பிறந்தவை: சாஹில், கரை. முன்னது மணற்கடலின் கரை, ஒட்டகம் வந்து சேரும் துறை. பின்னது நிஜக் கடலின் கரை, பாய்மரம் வந்து சேரும் துறை. இரண்டுமே இஸ்லாமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த இடைப்பட்டைகள். "கறுப்பு ஆப்பிரிக்கா, அரபு ஆப்பிரிக்கா" என்று சகாராவின் நடுவே கத்தி வைப்பவர்கள் இந்த இரண்டு கரைகளையும் காணாமல் அடிக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் பேசும் பாண்டு (Bantu) மொழிகளில் இன்னொரு சறுக்கல், முன்னொட்டு. உகாண்டாவில் ஓர் அரசு புகாண்டா. அதன் ஒருவர் முகாண்டா, பலர் பகாண்டா, மொழி லுகாண்டா. நான்கும் நான்கு இனம் என்று பட்டியல் போட்டவர்கள் உண்டு. வேர் ஒன்றே, காண்டா. சுவாஹிலியிலும் அதே ஏற்பாடு: மொழி கிசுவாஹிலி, மக்கள் வசுவாஹிலி. அட்டவணை போடும்போது வேரை மட்டும் எடுத்து ஒரு வரியில் வையுங்கள்.

தென்கடல்

அக்கா, ஆப்பிரிக்காவை முடிக்கும் முன் மடகாஸ்கரையும் சொல்லிவிடுங்கள். அல்லது நானே சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம். மொசாம்பிக் கரையிலிருந்து 400 கிலோமீட்டர்தான். ஆனால் மலகாசி மொழியின் நெருங்கிய உறவு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போர்னியோவில் இருக்கிறது. நம்பாதவர்களுக்கு "வானம்" என்ற சொல்லை வரிசையாகக் காட்டுங்கள்: மலாயில் லாங்கித், தகலோகிலும் லாங்கித், மலகாசியில் லானித்ரா, மாவோரியில் ராங்கி, ஹவாயில் லானி. மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை படகு போன தடம் அந்த ஒரு சொல்லிலேயே கிடக்கிறது. மொழித்தாளில் இதை ஒரே நிறத்தில் தீட்டினால் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றையும் தொடும். கண்டக் கோட்டை நம்பிப் படிப்பவருக்கு இந்தப் பட்டை கண்ணில் படவே படாது.

ஓசியானியாவை மெலனீசியா, மைக்ரோனீசியா, பாலினீசியா என்று பிரித்தவர் பிரெஞ்சுக் கடலோடி துமோன் துர்வில், 1830-களின் தொடக்கத்தில். பாலினீசியா உண்மையான வட்டாரம்: ஹவாய், ராப்பா நுய் (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து மூன்றையும் முனையாக வைத்த முக்கோணம், மொழிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். மெலனீசியா அப்படியில்லை. தோல் நிறத்தை வைத்து வைத்த பெயர், உள்ளே நூற்றுக்கணக்கான மொழிகள், பல குடும்பங்கள். மூன்றையும் ஒரே தரத்தில் வைத்துக் கற்பிப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களை இந்த மூன்றிலும் சேர்க்கக் கூடாது. ஐரோப்பியர் குடியேறிய 1788-இல் அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன, இந்தப் படகுக் குடும்பத்தோடு ஒட்டாதவை.

யூரல்காற்று

அமெரிக்காக்கள் விட்டுப்போயின. கண்டக் கோடு தரியனில், பண்பாட்டுக் கோடு ஏறக்குறைய ரியோ கிராண்டே ஆற்றில். அதனால் மெக்சிகோ வட அமெரிக்காவிலும் இருக்கும், லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கும். இது முரண் இல்லை, இரண்டு வேறு தாள். பிரேசில் மட்டும் போர்ச்சுகீசியம் பேசுவதற்கு வேர் 1494 தோர்தேசியாஸ் உடன்படிக்கை. கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் கோடு கிழித்து, கிழக்கே போர்ச்சுகல், மேற்கே ஸ்பெயின் என்று பங்கு. போர்ச்சுகீசியர் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வெகுதூரம் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்றைய எல்லை பொருந்தாது. தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கயானா ஆங்கிலம், சுரிநாம் டச்சு. பிரெஞ்சு கயானா இன்றும் பிரான்சின் பகுதி, கையில் புழங்குவது யூரோ.

சொல்லேருழவி

"மத்திய கிழக்கு" என்று எழுதும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருக்குக் கிழக்கு? மேற்காசியா என்பது நிலம். சினாய் தவிர எகிப்து அதில் வராது. அரபு உலகம் என்பது மொழி. மொரிட்டானியா வரை போகும், ஆனால் துருக்கியும் ஈரானும் வெளியே. இஸ்லாமிய உலகம் என்பது சமயம். இந்தோனேசியா, நைஜீரியா வரை விரியும். மூன்றும் மூன்று பெயர், ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி எழுதினால் முதலில் காணாமல் போவது பாரசீகம். ஐ.நா. புள்ளிவிவரப் பட்டியல் ஈரானைத் தெற்காசியாவில் வைத்திருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அது கணக்கு வசதிக்கான பிரிவு.

புதியவள்

வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். அன்டார்க்டிகாவுக்கு எந்த நிறம்? ஹவாயை எங்கே வைப்பது?

வரைபடத்தச்சன்

அன்டார்க்டிகாவை வெள்ளையாக விடுங்கள். ஏழு நாடுகள் ஆரஞ்சுச் சுளை மாதிரி உரிமை கோரியிருக்கின்றன, சில சுளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். 1959 உடன்படிக்கை அந்தக் கோரிக்கைகளை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டது. நிரந்தரக் குடிகள் இல்லை, ஆய்வு நிலையங்கள்தான்.

தென்கடல்

ஹவாய்க்கு, தங்கை, அரசியல் படம் என்றால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிறம், 1959-இல் மாநிலமானது. நிலப் படம் என்றால் ஓசியானியா. மொழித்தாளில் பாலினீசியாவின் வடக்கு முனை, மேலே ஆங்கிலத்தின் கோட்டு நிழல். எந்தத் தாள் என்று மூலையில் எழுதிவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள்.