செல்டா வீடியோ கேம் தொடரில் இசை ஆட்டத்தோடு சேர்ந்து மாறுவது எப்படி? எங்கள் கேமில் அதைச் செய்ய வழி உண்டா?

தேரிமணல் (பாளையங்கோட்டை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய வீடியோ கேம் உருவாக்கி வருகிறோம். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் (செம்மணல் மேடுகள் நிறைந்த பகுதி), தொலைந்துபோன கன்றுக்குட்டியைத் தேடி இரவில் தனியாக நடக்கும் ஒரு சிறுவனின் கதை அது. பனைகளுக்கிடையே அவன் நடக்கும்போது மெல்லிய இசையும், நரிகள் நெருங்கும்போது உறுமி, மகுடம் என்னும் தோல் கருவிகள் சேர்ந்த வேகமான இசையும் ஒலிக்க வேண்டும் என்று திட்டமிட்டு, இரண்டையும் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கலைஞர்களை வைத்தே பதிவு செய்திருக்கிறோம்.

தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில்தான் சிக்கல். நரி குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தவுடன் முதல் இசையை நிறுத்தி இரண்டாவதைத் தொடங்கினால், பாட்டு நடுவில் அறுந்துவிடுகிறது. ஒன்றின் ஒலியைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டினால், இரண்டு தாளங்களும் மோதிச் சில விநாடிகள் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. நரி எல்லைக்கோட்டின் மேலேயே முன்னும் பின்னுமாக நடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நான் சிறுவயது முதல் செல்டா தொடரை விளையாடி வருகிறேன். அதில் எதிரி வரும்போது இசை மாறுவதை உணர்கிறோமே தவிர, எந்த நொடியில் மாறியது என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. 1998-இல் வெளிவந்த ஆக்கரினா ஆஃப் டைமிலேயே இது இருக்கிறது. அதன் உள்வேலை தெரிந்தவர்கள் விளக்கினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

குறுக்குத்துறை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் குறிப்பிட்ட ஆக்கரினாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் சிக்கலுக்கான விடை பெரும்பாலும் அதில் உள்ள ஹைரூல் வெளியிலேயே கிடைக்கிறது.

அந்தப் பரந்த புல்வெளியில் ஒலிப்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒழுங்கில் ஓடும் பாட்டு அன்று. இசையமைப்பாளர் கோஜி கொண்டோ அதை எட்டு எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட சிறு துண்டுகளாக எழுதி, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வந்தாலும் பொருந்தும்படி அமைத்தார். ஒரு துண்டு முடியும்போது அடுத்தது எது என்பதை கேம் தீர்மானிக்கிறது. கதாநாயகன் லிங்க் நடந்துகொண்டிருந்தால் பயணத்துக்குரிய துண்டு வரும், அசையாமல் நின்றால் அமைதியான துண்டு வரும், எதிரி அருகில் இருந்தால் பதற்றமான துண்டு வரும். மாற்றம் எப்போதும் ஒரு துண்டின் முடிவில், தாளம் இயல்பாகவே மூச்சு விடும் இடத்தில் நடப்பதால் காது அதை வெட்டாக உணர்வதில்லை. மணிக்கணக்காகச் சுற்றினாலும் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்ற சலிப்பு ஏற்படாததும் இந்த அமைப்பினால்தான்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. உங்கள் இசை நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், நான்கு பீட் கொண்ட தாளவட்டமாக இருந்தால், ஒரு தாளவட்டம் 2 விநாடி, எட்டுத் தாளவட்டம் 16 விநாடி. துண்டு தொடங்கிய மறுகணமே நரி பாய்ந்தால், கிட்டத்தட்ட 16 விநாடி கழித்துத்தான் இசை அதை அறியும். அதற்குள் நரி கடித்தே முடித்திருக்கும். அதனால்தான் அதே கேமின் நிலவறைகளில் கொண்டோ வேறு வழியைக் கையாள்கிறார். அங்கே எதிரியின் தூரத்துக்கு ஏற்பச் சண்டை இசை மேலெழுந்து, அந்த இடத்துக்குரிய இசை அடங்குகிறது. நிலவறை இசை பெரும்பாலும் அழுத்தமான தாளம் இல்லாமல் நீண்ட ஒலிகளால் ஆனது என்பதால், அங்கே மோதல் தெரிவதில்லை. உங்கள் நடை இசையில் தாளம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வழி, ஒரே பாட்டைப் பல அடுக்குகளாக ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வேண்டிய அடுக்கின் ஒலியை மட்டும் திறப்பது. இதே தொடரில் 2011-இல் வந்த ஸ்கைவர்ட் ஸ்வார்டின் சந்தையில் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடந்து பாருங்கள். மெட்டு ஓரிடத்திலும் நிற்பதில்லை, அதை வாசிக்கும் கருவிகள் மட்டும் கடைக்குக் கடை மாறுகின்றன. இதற்கு எல்லா அடுக்குகளும் ஒரே கணத்தில் தொடங்கியிருக்க வேண்டும். கேட்காதவை நின்றுவிடவில்லை, ஒலி பூஜ்யமாக ஓடிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

உடனடி எதிர்வினைக்கு மிக அழகான விடை 2002-இல் ஜப்பானில் வெளியான விண்ட் வேக்கரில் இருக்கிறது. சண்டையின்போது லிங்கின் வாள் எதிரியின் மேல் படும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு ஆர்க்கெஸ்ட்ரா முழக்கம் எழுகிறது, அது ஓடிக்கொண்டிருக்கும் இசையின் சுரத்தோடு ஒத்தும் போகிறது. அடியில் ஓடும் இசை தன் தாளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, விளையாடுபவருக்கும் தன் அடிக்கு அந்த நொடியிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. எனக்கு இத்தொடர் முழுவதிலும் மிகவும் பிடித்த நுட்பம் இதுவே.

ஆக்கரினா போன்ற பழைய நின்டெண்டோ 64 கேம்களில் இசை பதிவுசெய்த ஒலியாக இல்லாமல், எந்தச் சுரத்தை எப்போது எந்தக் கருவி வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளாகவே இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டுவதும் கருவியை மாற்றுவதும் அதில் எளிது. நீங்களோ மனிதர் வாசித்ததைப் பதிவு செய்திருக்கிறீர்கள். அவ்வழியில் செல்பவர்களுக்கு 2010-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் நல்ல பாடம். பில் எல்ம், வுடி ஜாக்சன் இருவரும் அதன் பின்னணி இசையை நிமிடத்துக்கு 130 பீட் வேகத்திலும் ஏ மைனர் சுருதியிலுமே அமைத்தார்கள். எந்த அடுக்கை எதன்மேல் வைத்தாலும் மோதாது என்பதற்காகவே அந்தக் கட்டுப்பாடு.

அம்பைக்காரன் எழுதியது:

குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்னவை அனைத்தும் சரி. மகுடம் என்ற சொல்லைப் பார்த்ததால் நானும் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கத்துச் சுடலை மாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தை ஒரு முறையேனும் நெருங்கி நின்று கேட்டிருப்பீர்கள். மகுடக்காரர்களின் கண் தோலின் மேல் இருப்பதில்லை, சாமியாடியின் மேல் இருக்கிறது. அவர் வெறுமனே நிற்கும்வரை அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகரின் பாட்டுக்கு ஏற்ற நிதானமான அடி. தோளில் முதல் குலுக்கல் தெரிந்தவுடன் அடி நெருங்குகிறது, அருள் முழுதாக இறங்கும்வரை ஏறிக்கொண்டே போகிறது, அவர் தளர்ந்தால் தானும் தளர்கிறது. எத்தனை நிமிடம் என்று எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கேம் செய்வதும் இதே வேலைதான்.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஒரு நடையிலிருந்து இன்னொரு நடைக்குக் கலைஞர்கள் திடீரென்று தாவிவிடுவதில்லை. முன்னால் வாசிப்பவர் ஒரு சிறு தீர்மானம், அதாவது நடையை முடித்துவைக்கும் அடிக்கோர்வை, வைப்பார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகப் புது நடையில் இறங்குவார்கள். நீங்கள் பதிவு செய்தபோது மெல்லிய இசையைத் தனியாகவும் வேகமான இசையைத் தனியாகவும் வாசிக்கச் சொல்லியிருப்பீர்கள், நடுவில் வரும் அந்தத் தீர்மானத்தை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதே கலைஞர்களை மறுபடி அழைத்து, ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாகச் சில தீர்மானங்களை மட்டும் வாங்குங்கள். நரி வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் தாளவட்டம் முடிந்ததும் ஏறும் தீர்மானம், அதன் முடிவில் வேகமான இசை. 16 விநாடி காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

இப்படி இணைப்புத் துண்டுகளை வைத்து மாற்றும் கலையை வீடியோ கேம்களில் முறைப்படுத்தியது லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஐமியூஸ் என்ற இசை மென்பொருள். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கனல் இருவரும் உருவாக்கியது. 1991-இன் மங்கி ஐலண்ட் 2-இல் முதலில் வந்தது. அதன் உட்டிக் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து பாருங்கள், இசை எங்கே கைமாறுகிறது என்று கவனித்துக் கேட்டாலும் பிடிபடாது.

மணிமுத்தாறு எழுதியது:

எனக்குச் சிறிது மாற்றுக்கருத்து உண்டு. இரவில், தனியாக, தேரிக்காட்டில் நடக்கும் சிறுவனுக்கு நடை இசை தேவையா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

ஆக்கரினாவில் பொழுது சாய்ந்ததும் ஹைரூல் வெளியின் இசை நின்றுவிடுகிறது, ஓநாயின் ஊளையும் இரவின் ஓசைகளும் மட்டும் மிஞ்சுகின்றன. 2017-இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் இதைப் பகலுக்கும் கொண்டுவந்தது. பெரும்பகுதி நேரம் காற்றும் புல்லும்தான், எப்போதாவது சில பியானோ சுரங்கள். அதனால்தான் கார்டியன் என்ற எதிரி இயந்திரம் நம்மைக் கண்டுகொண்டவுடன் எழும் அந்தப் படபடக்கும் பியானோ அத்தனை அச்சுறுத்துகிறது. தேரியில் காற்று பனையோலையை உரசும் ஓசையை ஒரு முறை நள்ளிரவில் பதிவு செய்து வாருங்கள், அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது. மௌனத்திலிருந்து மகுடத்துக்குப் போவதில் இரண்டு தாளங்கள் மோதுவதற்கே இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூரத்தை மட்டும் அளந்து இசையை மாற்றினால், நரி கண்ணில் படுவதற்கு முன்பே விளையாடுபவருக்கு அது இருப்பது தெரிந்துவிடும். செல்டாவின் நிலவறைகளில் இது உதவி. அச்சமூட்டும் கதையில் அச்சத்தின் பாதியை இது பறித்துவிடும். நரி சிறுவனைப் பார்த்துவிட்டதா என்பதை வைத்து மாற்றுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

தேரிமணல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தீர்மானம் வாங்கும் யோசனையையும், நடக்கும்போது காற்றை மட்டும் வைக்கும் யோசனையையும் நண்பர்களிடம் சொன்னேன், இருவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. நரி எல்லையில் நின்று விளையாட்டுக் காட்டுவதை எப்படிச் சமாளிப்பது? கேம் உருவாக்க உதவும் கோடோ எஞ்சினில் வேலை செய்கிறோம், இதற்காகத் தனி மென்பொருள் தேவைப்படுமா?

குறுக்குத்துறை எழுதியது:

எல்லைச் சிக்கலுக்கு ஒரே தூரத்தை வைக்காமல் இரண்டு தூரங்களை வையுங்கள். எடுத்துக்காட்டாக, நரி 8 மீட்டருக்குள் வந்தால் வேகமான இசை தொடங்கட்டும், ஆனால் 14 மீட்டரைத் தாண்டிப் போனால் மட்டுமே அது அடங்கட்டும். இடைப்பட்ட பகுதியில் நரி எத்தனை முறை உலாவினாலும் இசை நிலைமாறாது. இதோடு, தொடங்கிய இசை குறைந்தது நான்கு தாளவட்டமாவது ஓட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். மணிமுத்தாறு சொன்னபடி பார்வையை அடிப்படையாகக் கொண்டாலும் இதே ஏற்பாடு பொருந்தும்: பார்த்தவுடன் ஏறட்டும், பார்வையிலிருந்து தப்பிச் சில விநாடிகள் கழிந்த பிறகு இறங்கட்டும்.

பெரிய நிறுவனங்கள் எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. உங்கள் அளவுக்கு அவை தேவையில்லை. 2024-இல் வந்த கோடோ 4.3-இலேயே ஆடியோஸ்ட்ரீம்இன்டராக்டிவ் என்ற வசதி சேர்க்கப்பட்டுவிட்டது. எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்கு, அடுத்த பீட்டிலா அடுத்த தாளவட்டத்திலா, நடுவில் எந்த இணைப்புத் துண்டோடு செல்ல வேண்டும் என்பதை அதிலேயே அட்டவணையாகக் கொடுக்கலாம். அதற்கு ஒவ்வொரு ஒலிக்கோப்பின் பீட் வேகத்தையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். ஆகவே மறுபதிவின்போது உறுமி வாசிப்பவரின் ஒரு காதில் மட்டும் பீட் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலி கேட்கும்படி செய்யுங்கள், மற்றவர்கள் வழக்கம்போல் அவரைப் பார்த்து வாசிக்கட்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் தோலின் கார்வை (அடித்த பின் நீளும் ஒலி) அடங்கும்வரை பதிவை நிறுத்த வேண்டாம். அந்தக் கார்வை அடுத்த துண்டின் தொடக்கத்தின் மேல் சற்றே படிந்தால்தான் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.