மெமரி ஏறுது, இறங்கவே மாட்டேங்குது: உபுண்டு 22.04, சி++ டீமன்

பெருங்குடி_பேக்எண்ட்:
வணக்கம் நண்பர்களே. பால் பாக்கெட் டெலிவரிக்கான சர்வர். உபுண்டு 22.04, 8 கோர், 16 ஜிபி ரேம், ஸ்வாப் (ரேம் நிறைஞ்சா டிஸ்கில் தள்ளி வைக்கிற இடம்) கிடையாது. அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஓடுது, அதோட ஷேர்டு பஃபர் (அது பொதுவா வச்சிருக்கும் கேஷ்) 4 ஜிபி. டெலிவரி பசங்க போனிலிருந்து லொகேஷன் வாங்குற டீமன் (பின்னணியில் எப்பவும் ஓடுற ப்ரோகிராம்) சி++இல் எழுதினது, 40 த்ரெட்.

ஸ்டார்ட் ஆனதும் ஆர்எஸ்எஸ் (டீமன் நிஜமா பிடிச்சிருக்கிற ரேம்) 900 எம்பி. அப்புறம் நாளுக்கு 1.7 ஜிபி ஏறுது, ஞாயிறு மட்டும் 1 ஜிபி. 10 ஜிபி தாண்டினதும், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, விடியற்காலை 5 மணி நெரிசலில் ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தா ப்ராசஸைக் கொல்ற கர்னல் பகுதி) டீமனைக் கொன்னுடுது. ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) வால்கிரிண்ட் என்ற மெமரி சோதனை டூலை ஓட்டினா 'டெஃபினிட்லி லாஸ்ட்' (உறுதியாத் தொலைஞ்ச மெமரி) பூஜ்யம். திறந்திருக்கும் சாக்கெட்டும் 3,000 தாண்டல. அப்ப லீக் (விடுவிக்காம விட்ட மெமரி) கர்னலிலா, ப்ரோகிராமுக்கு மெமரி ஒதுக்கித் தரும் ஜிலிப்சி லைப்ரரியிலா? ரேமை 32 ஜிபி ஆக்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது. அதுக்கு முன்னாடி எங்க தேடணும்?

அம்பத்தூர்_அட்மின்:
ரேமை ஏத்தாதீங்க சார். நாளுக்கு 1.7 ஜிபி ஏறும்போது கூடுதல் 16 ஜிபி பத்து நாளைக்குத்தான் தாங்கும். சாவது அப்பவும் அதே 5 மணிக்குத்தான்.

யாரோட மெமரின்னு முதல்ல பிரிங்க. ப்ராக் அடைவில் மீம்இன்ஃபோவைத் திறந்து நாலு வரி மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறிச்சு வைங்க: அனான்பேஜஸ், எஸ்அன்ரிக்ளெய்ம், ஷ்மெம், மெம்அவெய்லபிள். எஸ்அன்ரிக்ளெய்ம் ஏறினா கர்னல் பக்கம், ஸ்லாப்டாப் (கர்னலின் மெமரியைப் பிரிச்சுக் காட்டும் டூல்) போட்டுப் பார்க்கலாம். ஷ்மெம் ஏறினா டெம்ப்எஃப்எஸ்ஸில் (ரேமிலேயே இருக்கிற ஃபைல் சிஸ்டம்) யாரோ ஃபைல் குவிக்கிறாங்க (போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபரும் இதில்தான் வரும், அதைக் கழிச்சுடுங்க). அனான்பேஜஸ் மட்டும் ஏறினா ப்ராசஸின் ஹீப் (ஓடும்போது அது கேட்டு வாங்குற மெமரி). ப்ராக்கில் டீமனின் பிஐடி (ப்ராசஸ் எண்) அடைவுக்குள்ள இருக்கிற ஸ்மேப்ஸ்_ரோலப்பில் 'அனானிமஸ்' வரி அதே அளவு ஏறுதான்னு ஒத்துப் பாருங்க. 'ஃப்ரீ' குறையுதேன்னு பயப்பட வேண்டாம், பேஜ் கேஷ் (படிச்ச ஃபைலை கர்னல் வச்சிருக்கும் இடம்) அதைத் தின்னும். 'அவெய்லபிள்' குறைஞ்சாத்தான் கவலை.

ஹீப்னு உறுதியானா டூல் எதுவும் போடுறதுக்கு முன்னாடி ஒரு வகுத்தல் கணக்கு. தினம் ஏறின பைட்டை ரிக்வெஸ்ட் எண்ணிக்கையால் வகுங்க, லாகின் எண்ணிக்கையால் வகுங்க, அறுந்த இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுங்க. எதுல வகுத்தா எல்லா நாளும் ஒரே விடை வருதோ, லீக் அந்த வழியில்தான். உங்களுக்கு ஞாயிறு தனியா 1 ஜிபின்னு இருக்கே, கணக்கைச் சரிபார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

பெருங்குடி_பேக்எண்ட்:
அனான்பேஜஸ்தான் ஏறுது, எஸ்அன்ரிக்ளெய்மும் ஷ்மெமும் அசையல. ரிக்வெஸ்டால் வகுத்தா நாளுக்கு நாள் மாறுது. டைம்அவுட் ஆகி அறுந்த இணைப்பு வாரநாளில் சுமார் 2 லட்சம், ஞாயிறு 1.2 லட்சம். ரெண்டுக்குமே ஓர் இணைப்புக்கு 9 கேபி கிட்ட வருது.

தரமணி_கர்னல்:
9 கேபின்னா உங்க கோடில் 8192 பைட் ரீட் பஃபர் ஒண்ணு இருக்கும், மிச்சம் அதைச் சுத்தின ஸ்ட்ரக்ட். டைம்அவுட் ஹேண்ட்லரைத் திறங்க. சாக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு செஷன் மேப்பில் (இணைப்புகளின் பட்டியல்) இருக்கிற என்ட்ரியை எரேஸ் பண்ணாம விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாக்கெட் எண்ணிக்கை ஏறாததுக்கும் காரணம் அதுவாத்தான் இருக்கும்.

வால்கிரிண்ட் பொய் சொல்லல. அது எண்றது ப்ராசஸ் முடியும்போது எந்த பாயின்டரும் பிடிச்சிருக்காத மெமரியை. ஒழுங்கா ஷட்டவுன் ஆகும்போது மேப்பின் டிஸ்ட்ரக்டர் எல்லாத்தையும் விடுவிச்சுடுது, அதனால பூஜ்யம். வளர்ந்துகிட்டே போற கன்டெய்னரைப் பிடிக்க மெம்செக் (வால்கிரிண்டின் லீக் தேடும் பகுதி) உதவாது. ஹீப் வளர்ச்சியை அளக்கிற மாசிஃப் அல்லது ஹீப்ட்ராக் வேணும்.

ப்ரொடக்‌ஷனிலேயே பார்க்கணும்னா பிபிஎஃப்சிசி-டூல்ஸ் பேக்கேஜும், ஓடுற கர்னலுக்கான ஹெடர்ஸும் போட்டு மெம்லீக்-பிபிஎஃப்சிசியை ஓட்டுங்க. ஹைஃபன் பி-க்குப் பிறகு பிஐடி, ஹைஃபன் ஓ-க்குப் பிறகு 600000, கடைசியில் 60. பத்து நிமிஷத்துக்கு மேல் விடுவிக்கப்படாத ஒதுக்கீடுகளை ஸ்டாக்கோட (எந்த ஃபங்ஷன் வழியா வந்ததுன்னு) நிமிஷத்துக்கு ஒரு தடவை காட்டும். ஒட்டின பிறகு நடக்கிற ஒதுக்கீடு மட்டும்தான் தெரியும், அதனால குறைஞ்சது அரை மணி நேரம் விடுங்க. ஒவ்வொரு மாலாக்கிலும் (மெமரி கேட்கும் அழைப்பு) குறுக்கே நிற்கும், டீமன் மெதுவாகும். காலை நெரிசலில் வேண்டவே வேண்டாம், 8 மணிக்கு மேல் போடுங்க. ஸ்டாக் துண்டு துண்டா வந்தா ஃப்ரேம் பாயின்டரை விடாத ஆப்ஷனோட மறுபடி கம்பைல் பண்ணணும்.

ஸ்டேஜிங்கில் இது ஏன் வரலன்னா, டெஸ்ட் க்ளையன்ட் முறையா இணைப்பை மூடிட்டுப் போகுது. நாவலூர் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் போற போன் எதையும் மூடாது. ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) க்ளையன்ட் போர்ட்டுக்கு ட்ராப் போட்டு 10,000 இணைப்பை அறுத்துப் பாருங்க. ரிஜெக்ட் வேண்டாம், அதில் மறுமுனைக்குப் பதில் போயிடும்.

பெருங்குடி_பேக்எண்ட்:
சொன்ன இடமேதான், எரேஸ் இல்லை. ட்ராப் போட்டு 10,000 அறுத்ததில் பழைய பில்டு 87 எம்பி ஏறுச்சு, புதுசு 3 எம்பி. ரொம்ப நன்றி. ஆனா புது பில்டிலும் ஒண்ணு இருக்கு: காலை 6 மணிக்கு 1.4 ஜிபி போகுது, மதியம் செஷன் 200 ஆன பிறகும் அங்கேயே நிக்குது. இதுவும் லீக்கா?

சிறுசேரி_ஓப்ஸ்:
நாலு நாள் பாருங்க. தினமும் அதே 1.4இல் நின்னா லீக் இல்லை, ஜிலிப்சி விடாம வைத்திருக்கும் காலிப் பக்கம். 64-பிட்டில் அரீனா (ஜிலிப்சி மெமரி ஒதுக்கும் தனித் தொகுதி) வரம்பு கோர் எண்ணிக்கையின் 8 மடங்கு, உங்களுக்கு 64. அதனால 40 த்ரெட்டுக்கும் தனித்தனி அரீனா கிடைச்சிருக்கும். டாப் டூலில் விர்ட் (பிடிச்ச முகவரி இடத்தின் மொத்தம்) பெருசாத் தெரிஞ்சாலும் பதற வேண்டாம், ஒவ்வொரு அரீனாவும் 64 எம்பி முகவரி இடத்தைப் பிடிச்சு வைக்கும், அது ரேம் இல்லை.

உறுதி செய்ய மதியம் 2 மணிக்கு ஜிடிபி டீபக்கரை ஒட்டி, காலிப் பக்கத்தைத் திருப்பித் தரச் சொல்லும் மாலாக்_ட்ரிம்மை 0 கொடுத்துக் கூப்பிடுங்க. ஒட்டியிருக்கும் நேரம் எல்லா த்ரெட்டும் நிக்கும், உடனே கழட்டிடுங்க. ஆர்எஸ்எஸ் சரிஞ்சா அதேதான். அப்ப சிஸ்டம்டி யூனிட்டில் (டீமனை ஸ்டார்ட் பண்ற செட்டிங் ஃபைல்) மாலாக்_அரீனா_மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியை முழுக்கப் பெரிய எழுத்தில் 4 என்று வைங்க. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் அதைப் படிக்கும், ரீஸ்டார்ட் வேணும். 2க்கு இறக்கினா லாக்குக்காக த்ரெட்டுகள் அடிச்சுக்கும், லேட்டன்சியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஜெமாலாக்கை (ஜிலிப்சியின் மாலாக்குக்கு மாற்று) ப்ரீலோட் பண்றதும் நல்ல வழி, எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொரு லீக் வந்தாலும் போஸ்ட்கிரெஸ் சாகக்கூடாது. அதனால டீமன் யூனிட்டில் மெமரிமேக்ஸ் (மெமரியின் உச்ச வரம்பு) 4 ஜிபி, ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர். ஓஓஎம் வந்தா அந்த சிகுரூப்புக்குள்ளேயே (வரம்பு போட்ட ப்ராசஸ் குழு) முடியும். மெமரிஹை (தாண்டினா கொல்லாம மெதுவாக்கும் வரம்பு) போட வேண்டாம்: ஸ்வாப் இல்லாத மெஷினில் அனானிமஸ் பக்கத்தைத் தள்ள இடமில்லை, ப்ராசஸ் சாகாம ஆமை மாதிரி ஊரும், 5 மணிக்கு அது இன்னும் மோசம். டீமன் எழுந்ததும் 3,000 போனும் ஒரே நொடியில் வந்து மோதும், போன் பக்கம் மறு இணைப்பை 0 முதல் 30 நொடிக்குள் சிதறி வரும்படி மாத்திடுங்க.