வீட்டிலிருந்தே ஆப்பிரிக்க சஃபாரி நேரலை: எதை, எந்த நேரத்தில் பார்ப்பது?

கயல்விழி கேட்டது:
என் தந்தைக்குக் காட்டு விலங்குகள் என்றால் உயிர். முழங்கால் வலியால் நெடும்பயணம் அவருக்கு இனி இயலாது என்பதால், ஆப்பிரிக்கக் காடுகளின் நேரலையைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று யூடியூபில் ஒன்றைத் திறந்து வைத்தேன். வெகுநேரம் ஒரு குட்டையும் நான்கைந்து புறாக்களுமே தெரிந்தன. அவர் எழுந்து போய்விட்டார். உருப்படியான நேரலைகள் எவை, நம் நேரப்படி எப்போது பார்க்க வேண்டும்? ஆங்கில வர்ணனையை அவரால் முழுவதும் பின்தொடர முடியாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

கானகன்:
நேரலையில் இரண்டு வகை உண்டு. நீங்கள் பார்த்தது நீர்நிலை ஓரத்தில் நிலையாகப் பொருத்திய கேமரா. மற்றது, வழிகாட்டி ஒருவர் ஜீப்பை ஓட்டிச் செல்ல, உடன் அமர்ந்திருக்கும் ஒளிப்பதிவாளர் காட்டுவதை அப்படியே ஒளிபரப்பும் வகை. தென்னாப்பிரிக்காவின் வைல்ட்எர்த் நிறுவனம் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் பகுதியில் உள்ள ஜூமா காப்புக்காட்டிலிருந்து பல ஆண்டுகளாக இதைச் செய்து பெயர் பெற்றது. குரூகருக்கும் சாபி சாண்டுக்கும் இடையிலிருந்த வேலியை 1993இல் அகற்றிவிட்டதால் விலங்குகள் இரு பக்கமும் தடையின்றி நடமாடுகின்றன. தென்னாப்பிரிக்க நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அங்கே விடியற்காலையிலும் பிற்பகலிலும் கிளம்பும் உலா நமக்குக் காலை ஒன்பது மணியை ஒட்டியும் மாலை ஏழு மணியை ஒட்டியும் அமையும். பருவத்துக்கேற்ப இது சற்று முன்பின் ஆகும்.

இதன் உண்மையான சுவை, தனித்தனி விலங்குகளைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. சிறுத்தையின் மீசை முடி வரிசைக்கு மேலே இரு கன்னங்களிலும் உள்ள புள்ளிகளை எண்ணி, இது இன்ன சிறுத்தை என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். கருலா என்ற பெண் சிறுத்தையையும் அதன் குட்டிகளையும் பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தந்தையின் கேள்வியை நீங்களே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினால், வாய்ப்பிருந்தால் வழிகாட்டி ஓடும் வண்டியிலிருந்தே பதில் சொல்வார். மொழிச் சிக்கலுக்கு இதுவே ஓரளவு தீர்வு.

நீலமேகம்:
கானகன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் தடையாக இருப்பவருக்கு நிலையான கேமராதான் ஏற்றது என்பது என் கருத்து. அதில் பேசுவோர் எவரும் இல்லை, காட்டின் ஓசை மட்டுமே கேட்கும். நீங்கள் ஏமாந்ததற்கு இடமோ பருவமோ காரணமாக இருந்திருக்கும். மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் தேங்குவதால் விலங்குகள் குட்டையைத் தேடி வரத் தேவையில்லை. குரூகர் பகுதியில் மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அதிலும் செப்டம்பர் வாக்கில் மற்ற இடங்கள் வற்றிவிட, எஞ்சிய நீரில் கூட்டம் கூடும்.

யானை பிடிக்குமென்றால், மொசாம்பிக் எல்லையை ஒட்டிய டெம்பே யானைப் பூங்காவின் கேமராவைப் பாருங்கள். நீண்ட தந்தமுள்ள ஆண் யானைகளுக்குப் பெயர்போன இடம் அது. பெரிய ஆண் யானை வந்தால் அதுவரை குடித்துக்கொண்டிருந்த மான்கள் சில அடி பின்வாங்கி நிற்பதையும், அது தும்பிக்கையால் சேற்றை அள்ளி முதுகில் வீசிக்கொள்வதையும் ஓசையோடு பார்க்கலாம். நமீப் பாலைவனத்தின் நீர்நிலைக் கேமராவில் ஓரிக்ஸ் மான்களும் தீக்கோழிகளும் வரிக்குதிரைகளும் வந்துபோகும். சுற்றிலும் வெட்டவெளி என்பதால் வெகுதொலைவில் வருவதே தெரிந்துவிடும்.

இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால் படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், விலங்கின் கண்கள் மின்னும். கழுதைப்புலி போன்றவற்றைப் பார்க்க இரவே தோதானது. இன்னொன்று, திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இம்பாலா மான் திடீரென்று கனைத்தால் அருகில் வேட்டை விலங்கு ஏதோ இருக்கிறது என்று பொருள், அப்போது ஓடி வந்தால் போதும்.

முத்துவேல்:
ஒரு எச்சரிக்கை. 'நேரலை' என்ற பெயரில் பழைய பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அலைவரிசைகள் யூடியூபில் ஏராளம். கண்டுபிடிப்பது எளிது: நமக்கு இரவு பதினொரு மணி என்றால் தென்னாப்பிரிக்காவில் ஏழரை, குரூகர் பகுதியில் எந்த மாதமானாலும் அந்நேரம் இருட்டியிருக்கும். அப்போதும் திரையில் வெயில் அடித்தால் அது நேரலை அன்று. 1998இல் தொடங்கிய ஆப்பிரிகாம் போன்ற பழைய தளங்களின் கேமராக்களை நம்பிப் பார்க்கலாம். அங்கே தன்னார்வலர்கள் தொலைவிலிருந்தே கேமராவைத் திருப்பி, விலங்கை அண்மையில் காட்டுகிறார்கள்.

காண்டாமிருகத்தை மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொம்புக்காகக் கொல்லும் கும்பல்கள் இருப்பதால், அது நிற்குமிடம் தெரியக்கூடாது என்று நேரலைகளில் அதைக் காட்டாமல் தவிர்க்கும் வழக்கம் உண்டு.

கயல்விழி:
மூவருக்கும் நன்றி. டெம்பேயில் தொடங்குகிறோம். யானைகளைப் பார்க்க நம் நேரப்படி எது நல்ல நேரம்?

நீலமேகம்:
வெயில் ஏறிய பிறகுதான் யானைகள் தண்ணீருக்கு அதிகம் வரும். பிற்பகல் இரண்டு மணி முதல் ஏழு மணி வரை திறந்து வையுங்கள் அம்மா. மேகமூட்டமான நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும்.