குழந்தைகள் நூலகத்துக்குப் படக்கதைகளும் இரும்பு ரேக்கும் தேவை

வணக்கம். மன்னார்குடி வட்டாரக் கிராமம் ஒன்றில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் குழந்தைகள் நூலகம் தொடங்குகிறார். 1931-லேயே மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடிய வட்டாரம் இது. சமுதாயக் கூடத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் திறந்துவிட வேண்டும்.

முதல் தேவை தமிழ்ப் படக்கதைகள். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. 150 புத்தகம் இருந்தால் தொடங்கிவிடலாம். பழைய கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம் வேண்டாம். ரேக்கை அடைத்துக்கொள்ளும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். தயவுசெய்து பிரவுன் அட்டை போடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கும். கிழிந்திருந்தாலும் கொடுங்கள். செலோ டேப் மட்டும் வேண்டாம், வெயிலில் பசை இளகி அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, நாலடி உயர இரும்பு ரேக் இரண்டு. மர அலமாரி என்றால் கரையான் விடாது. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும் என்பதால் ரேக்கைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்போம். அடித்தட்டு தரையிலிருந்து அரையடி மேலே இருக்க வேண்டும். பூச்சிக்குப் பாச்சை உருண்டை கூடவே கூடாது, சின்னதுகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். வசம்புத் துண்டு போதும்.

சனி, ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை வாய்விட்டுக் கதை படித்துக்காட்ட இரண்டு பேர் வேண்டும். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கதை கேட்ட பிள்ளை அதே புத்தகத்தைத் தேடி எடுக்கும். வெறும் அலமாரியைத் திறந்து வைத்தால் இரண்டாம் வாரமே கூட்டம் குறைந்துவிடும்.

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பழைய ரேக் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.